இலையைத் திருப்பிப் பாருங்கள்

'திருமலைக்குப் போகிறேன்' என்று ஆபீஸில் சொன்னால் நாலு பேர் லட்டு கேட்கிறார்கள். அந்தத் திருமலை இல்லை சார். இது ஆரணிப் பக்கம், பட்டுத்தறி ஓடுகிற வட்டாரத்தில் இருக்கிற சமணத் திருமலை. குந்தவை பெயரில் ஜினாலயம், பதினாறு அடிக்கு மேல் உயரமான நேமிநாதர், பாறையில் ராஜேந்திர சோழனின் வெற்றிப் பட்டியல் எல்லாம் உண்டு. லட்டு மட்டும் கிடையாது.

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் லட்டோடு போகும். ஒரே பெயரில் இரண்டு நோய் இருந்தால் என்ன ஆகும் என்று என் மச்சினன் போன ஆவணியில் தெரிந்துகொண்டான்.

அவனுக்கு அந்த மலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஏக்கர் மல்பெரி. ஆரணித் தறிகளுக்கு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது, நாமே புழு வளர்த்தால் என்ன என்று இறங்கியவன். நூறு முட்டைத் தொகுதி எடுத்தால் நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் புழு. இருபத்தைந்து நாள் தின்னும். அதிலும் கடைசி ஒரு வாரம் இருக்கிறதே, மொத்தத் தீனியில் முக்கால் பங்குக்கு மேல் அந்த வாரத்தில்தான். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரி. இலை இல்லையென்றால் மானம் போய்விடும். சரியாக அந்த வாரம் பார்த்து, செடிகளின் நுனி சுருண்டு, வெள்ளை வெள்ளையாய் ஏதோ அப்பிக்கொண்டது.

"மருந்துக் கடைக்குப் போன் போட்டேன் மாமா. 'இலையில வெள்ளையா மாவு மாதிரி கீது'ன்னு சொன்னேன். 'சாம்பல் நோய்தான், இத அடி'ன்னு டப்பாவ குடுத்துட்டாரு."

அடித்தான். வெள்ளை அப்படியே இருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், பூஞ்சை மருந்து அடித்த இலையைச் சில நாளைக்குப் புழுவுக்குப் போடக் கூடாது. பசியோடு தலையைத் தூக்கிக்கொண்டிருந்த புழுக்களுக்கு வெளியே இலை விலைக்கு வாங்கிப் போட்டான். கூடு விற்ற காசு இலைக்குச் சரியாகப் போயிற்று.

நான் போனபோது நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தப் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு நுனியைக் கிள்ளிக் காட்டினேன். கண்ணை வைத்தவன் பதறிவிட்டான்.

"மாமா, இது நடக்குது!"

நடந்தால் அது பூஞ்சை இல்லை. மாவுப்பூச்சி. சாம்பல் நோய் என்பது பூஞ்சை. ஃபைலாக்டீனியா என்று பெயர், மல்பெரி இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பொடியாய்ப் படரும், குளிர்காலத்தில் ஜாஸ்தி. மாவுப்பூச்சி என்பது உடம்பெல்லாம் மெழுகைப் பூசிக்கொண்டு நுனியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சுகிற பூச்சி. இரண்டும் வெள்ளை, இரண்டும் மாவு. போனில் கேட்டால் இரண்டும் ஒன்று. பூச்சிக்குப் பூஞ்சை மருந்து அடிப்பது, பல்வலிக்குச் செருப்பை மாற்றுவது போல.

அதே தோட்டத்தில் இன்னும் இரண்டு விஷயம் பார்த்தேன். கீழ் இலைகளின் மேல் கரி பூசினாற்போல் கறுப்பு. ஈர விரலால் தேய்த்தால் வந்துவிட்டது, அடியில் இலை பச்சையாகவே இருந்தது. இது பூஞ்சைதான், ஆனால் இலையைத் தின்கிற பூஞ்சை இல்லை. மாவுப்பூச்சி கழிக்கிற தித்திப்பான திரவத்தின் மேல் வளர்வது. பூச்சி போனால் தானே போகும். மூன்றாவதாக, சில இலைகளில் பழுப்புப் புள்ளிகள், நடுவில் காய்ந்து ஓட்டை விழுந்தவை. மருந்து கேட்கிற பூஞ்சை என்று ஏதாவது அங்கே இருந்தால் அது இதுதான். அதை அவன் கவனிக்கவே இல்லை.

கணக்கைப் பாருங்கள். வெள்ளை, பூஞ்சையே அல்ல. கறுப்பு, பூஞ்சை, ஆனால் நோய் அல்ல. பழுப்பு, பூஞ்சை, நோயும்கூட; அதை யாரும் கேட்கவில்லை. ஒரே செடியில் மூன்று, மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம்.

பெயர் சரியாகத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம ஊரிலேயே உதாரணம் உண்டு. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் புதுசாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. பிறகு மரவள்ளி, மல்பெரி என்று பாய்ந்து கொங்கு நாட்டையே ஒரு கை பார்த்தது. அது மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று அடையாளம் கண்டார்கள். ஊர் தெரிந்ததால் அதன் எதிரியும் தெரிந்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியை வரவழைத்து விட்டார்கள். பூச்சி அடங்கியது. சரியான பெயர் என்பது விலாசம்.

சரி, பூச்சியை விடுங்கள். பழுப்புப் புள்ளிக்குப் பெயர் வேண்டுமே? நாலு இலையைச் செய்தித்தாளில் மடித்துச் சென்னைக்குக் கொண்டுவந்தேன். நான் பி.காம். தாவரவியலோடு எனக்கிருந்த உறவு கீரைக்கட்டோடு முடிந்துவிட்டது. தெரிந்த ஓய்வுபெற்ற தாவரவியல் வாத்தியார் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். புள்ளியை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடி மூடி. ஊசி மாதிரி நீண்ட வித்துக்கள், நடுநடுவே தடுப்புச் சுவர்கள். "செர்கோஸ்போரா. மல்பெரியில குடியிருக்கறதால மோரிகோலா" என்றார். புத்தகத்தில் சரிபார்த்துக்கொள் என்று ஒரு பெயரையும் சொன்னார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டும். இத்தனை நேரம் சொன்னது முன்னுரை.

'ஹைஃபோமைசீட்ஸ்'. எழுதியவர் சி.வி. சுப்ரமணியன். எர்ணாகுளத்தில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி.எஸ். சதாசிவனின் மாணவராயிருந்து, அங்கேயே தாவரவியல் உயராய்வு மையத்தின் இயக்குநரானவர். 1965-ல் பட்நாகர் விருது வாங்கினார். 2016-ல் காலமானார். புத்தகம் 1971-ல் வந்தது, வெளியீடு டெல்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம். 930 பக்கம். காய்ந்த குச்சி, உதிர்ந்த சருகு, நோயுற்ற இலை, மண் என்று நாம் மிதித்துக்கொண்டு போகிற இடங்களிலிருந்தெல்லாம் பொறுக்கி எடுத்த கண்ணுக்கு எட்டாத ஜீவன்களின் கணக்கு. சினிமா, அரசியல், கிரிக்கெட் எதிலும் இல்லாத ஒரு மெட்ராஸ் சாதனை. நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? எனக்கும் போன வருஷம் வரை தெரியாது.

ஒரு நூலகத்தில் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். புரிந்தது கால்வாசி இருக்கும். ஆனால் அந்தக் கால்வாசியில் சிரிப்பும் வந்தது, கர்வமும் வந்தது.

காரணம், அவர் வைத்த பெயர்கள். லத்தீனும் கிரேக்கமும் குடித்தனம் நடத்துகிற தெருவில் மனிதர் சமஸ்கிருதத்தைக் குடிவைத்திருக்கிறார். ஒரு பூஞ்சைக்குக் குடிலகேசா. சுருட்டை முடி! இன்னொன்றுக்கு துவயபீஜா, இரண்டு வகை வித்து. மூன்றாவதாக வக்ரபீஜா, வளைந்த வித்து. நலந்தமாலா என்று ஒரு பேரினம், அதில் ஓர் இனத்துக்கு மத்ரீயா என்று நம்ம மெட்ராஸின் பெயர். 1996-ல் ஊர் சென்னையாகிவிட்டது. பூஞ்சை இன்னும் மெட்ராஸ்தான். பெயர் மாற்றும் அதிகாரம் அங்கே எந்த அரசாங்கத்துக்கும் இல்லை.

ஆனால் சட்டத்துக்கு உண்டு. முதலில் யார் பெயர் வைத்தாரோ அவருக்கே முன்னுரிமை என்பது அந்தத் துறையின் விதி. வக்ரபீஜாவை 1956-ல் சுப்ரமணியன் வைத்தார். நெல்லின் தண்டை அழுகவைக்கிற பூஞ்சையை அதில் சேர்த்தார். பிறகு பார்த்தால் அதே பூஞ்சைக்கு 1939-லேயே ஜப்பானில் ஹாரா என்பவர் நகாட்டேயா என்று பெயர் வைத்துப் பதிவு செய்திருக்கிறார். வக்ரபீஜா போயிற்று, நகாட்டேயா நின்றது. நம்ம தஞ்சாவூர் வயலில் இருந்தாலும் அதற்கு ஜப்பான் பெயர்தான். பத்திரப் பதிவு ஆபீஸ் தோற்றது போங்கள்.

இன்னொரு வேடிக்கை. பல பூஞ்சைகளுக்கு வாழ்க்கையில் இரண்டு வேஷம் உண்டு. ஜோடி சேர்ந்து வித்து விடுகிற வேஷம், தனியாகவே வித்து விடுகிற வேஷம். இரண்டையும் வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு காலத்தில் பார்த்து இரண்டு பெயர் வைத்தார்கள். ஓர் ஆளுக்கு இரண்டு பான் கார்டு. 2011-ல் மெல்போர்னில் கூடித்தான் 'ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர்' என்று முடிவெடுத்தார்கள். ஆக, 1971 புத்தகத்தில் இருக்கிற பல பெயர்கள் இன்றைக்கு மாறிவிட்டன. அது புத்தகத்தின் குற்றமில்லை. பழைய டெலிபோன் டைரக்டரியில் நம்பர் மாறியிருக்கும், ஆள் அதே ஆள்தான்.

இப்போது குறைக்கு வருகிறேன். நாலு இலையோடு போனவன் நான். அட்டையிலேயே எனக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். புத்தகத்தின் துணைத் தலைப்பு இப்படி முடிகிறது: 'செர்கோஸ்போரே நீங்கலாக.' என் கையில் இருப்பதே அந்தச் செர்கோஸ்போராதானே ஐயா!

நியாயம் பேச வேண்டும். அந்தக் கூட்டம் பெரியது. 1963-லேயே வாசுதேவா 'இந்தியன் செர்கோஸ்போரே' என்று அதற்குத் தனிப் புத்தகமே எழுதிவிட்டார். கறுப்புப் படலம் என்றால் அதற்கு வேறு புத்தகம். துரு நோய் என்றால் இன்னொன்று. சாம்பல் நோய் என்றால் மற்றொன்று. விஞ்ஞானிக்கு இது ஒழுங்கு. இலையை வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கு இது, ஒரு பட்டாவுக்கு நாலு ஆபீஸ்.

என் பி.காம் மூளைக்கு எட்டிய விதத்தில் சொல்கிறேன். கடையில் இரண்டு விதமாகப் பேரேடு எழுதலாம். சரக்கு வாரியாக எழுதலாம், பார்ட்டி வாரியாக எழுதலாம். ஸ்டாக் எடுக்கிற முதலாளிக்குச் சரக்குப் பேரேடு வேண்டும். பாக்கி கேட்டு வருகிறவனுக்குத் தன் பெயரில் ஒரு பக்கம் வேண்டும். சுப்ரமணியன் எழுதியது சரக்குப் பேரேடு. பூஞ்சையின் பேரினம் தெரிந்தால்தான் பக்கம் திறக்கும். ஆனால் நமக்குத் தெரிந்தது பூஞ்சையின் பெயரா? செடியின் பெயர்தானே! வேம்பு என்று தெரியும், புங்கன் என்று தெரியும், மல்பெரி என்று தெரியும். அந்தப் பெயரைச் சொன்னால் திறக்கிற புத்தகம் வேண்டும்.

அப்படி ஒன்றை இங்கிலாந்தில் செய்திருக்கிறார்கள். மார்ட்டின் எல்லிஸ், பமீலா எல்லிஸ் என்று ஒரு தம்பதி. 1985-ல் 'மைக்ரோஃபங்கை ஆன் லேண்ட் பிளான்ட்ஸ்' என்று ஒரு கையேடு போட்டார்கள். செடி வாரியாகப் பக்கங்கள். ஓக் மரத்து இலையா, ஓக் பக்கத்தைத் திறங்கள். அதன் மேல் என்னென்ன வாழும் என்று வரிசையாகச் சொல்லி, படமும் போட்டிருக்கிறார்கள். எல்லாச் செடியிலும் சுற்றுகிற ஊர்சுற்றிகளுக்குத் தனிப் பகுதி. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளில் தேட வேண்டியது, ஒரே நிமிஷத்தில் பத்து இருபதாகச் சுருங்கிவிடுகிறது. இதிலும் குறை உண்டு. செடியின் பெயரையே தப்பாகச் சொன்னால் எல்லாமே தப்பு. நமக்கு முக்கியமான குறை வேறு. அதில் வேம்பு கிடையாது, புங்கன் கிடையாது, முருங்கை கிடையாது. அது பிரிட்டிஷ் தோட்டத்துக்கு எழுதியது.

வேம்பைச் சும்மா சொல்லவில்லை. 2021-லும் அதை அடுத்தும் தெலங்கானாவில் தொடங்கி நம்ம ஊர் வரைக்கும் வேப்ப மரங்கள் நுனிக் குச்சியிலிருந்து கருகி வந்தனவே, நினைவிருக்கிறதா? 'அம்மன் கோபம்' முதல் 'செல்போன் டவர்' வரை வாட்ஸப்பில் ஆளுக்கொரு காரணம். குச்சியைப் பார்த்த விஞ்ஞானிகள் இரண்டு பேரைக் கைகாட்டினார்கள். ஒன்று, தேயிலைக் கொசு என்கிற நாவாய்ப்பூச்சி. இன்னொன்று, ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சை. இந்தப் பூஞ்சைக்கு எப்போது பெயர் வைத்தார்கள் தெரியுமா? 1997-ல், மைசூரில். எத்தனை தலைமுறையாகப் பல் தேய்த்த குச்சி! அதன் மேல் இருக்கிறவனுக்குப் பெயர் கிடைத்து முப்பது வருஷம்கூட ஆகவில்லை. கிடைத்த பிறகும் வேப்ப மரத்தடியில் நிற்கிறவருக்கு அது வந்து சேரவில்லை. இந்த இடைவெளியைத்தான் வாட்ஸப் நிரப்பியது.

'பெயர் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?' என்று கேட்பீர்கள். ஆகாது. இலங்கையைப் பாருங்கள். அங்கே காப்பி இலையின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சுப் பொடியாக ஒன்று வந்தது. பேராதனைத் தோட்டத்து இயக்குநர் துவைட்ஸ் இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பெர்க்லி என்ற பாதிரியார் ப்ரூமுடன் சேர்ந்து 1869-லேயே பெயர் வைத்துவிட்டார்: ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ். வித்தின் ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு, அதனால் 'பாதி வழவழப்பு'. வஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசகாரி. ஜாதகமே எழுதிக் கொடுத்துவிட்டார். தோட்ட முதலாளிகள் சட்டை செய்யவில்லை. மார்ஷல் வார்ட் என்ற இளைஞர் 1880-ல் போய், அது எப்படிப் பரவுகிறது என்று வித்து வித்தாகப் பார்த்துச் சொன்னபோது நேரம் கடந்துவிட்டது. பத்துப் பதினைந்து வருஷத்தில் இலங்கைக் காப்பி காலி, மலையெல்லாம் தேயிலை. தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் தோணி ஏறியும் போன நம் ஜனங்களின் தலையெழுத்தையும் சேர்த்து மாற்றியது அந்த ஆரஞ்சுப் பொடி.

பெயர் லண்டன் பத்திரிகையில் இருந்தது. இலை கண்டி மலையில் இருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை. 930 பக்கமும் என் மச்சினனும் சந்திக்காதது போலத்தான்.

ஆக என் விமர்சனம் இது. சுப்ரமணியனின் புத்தகம் ஒரு மகத்தான சரக்குப் பேரேடு. அதன் மேல் கட்ட வேண்டிய பார்ட்டிப் பேரேட்டை, செடி வாரியாக, தமிழில், நம்ம செடிகளுக்கு, யாராவது கட்ட வேண்டும். பெரிதாகக் கேட்கவில்லை. வேம்பு, புங்கன், மா, வாழை, முருங்கை, மல்பெரி என்று இருபது செடி. செடிக்கு நாலு பக்கம். முதல் பக்கத்தில் பூஞ்சை போல் இருந்து பூஞ்சை அல்லாதவை. இது மிக முக்கியம். புங்க இலையில் கொப்புளம் கொப்புளமாக இருக்குமே, அது பூஞ்சை இல்லை, சிலந்திப்பேன் கட்டிய வீடு. அடுத்த பக்கத்தில் தேய்த்தால் போகிறவை, தேய்த்தாலும் போகாதவை. கடைசியில் ஃபோட்டோ. அதற்குக் கீழே லத்தீன் பெயர், சின்ன எழுத்தில்.

'அதற்குத்தான் ஆப் வந்துவிட்டதே' என்பார்கள். மச்சினனும் போட்டுப் பார்த்தான். "மூணு பேர் சொல்லுது மாமா, எத நம்பறது?" ஆப் மேல்தோலைப் பார்க்கிறது. பூஞ்சையின் கையெழுத்து வித்தில் இருக்கிறது. அதன் அளவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. ஆப் சொல்கிற மூன்றை ஒன்றாக்க லென்ஸும் ஒரு மனிதரும் இன்னும் தேவைப்படுகிறார்கள்.

அந்தப் புத்தகம் வருகிற வரைக்கும் நீங்களே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. முதலில் செடியின் பெயர். அடுத்து, இலையைத் திருப்பிப் பாருங்கள். பாதி விஷயம் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். கறுப்பாயிருந்தால் ஈர விரலால் தேயுங்கள். வந்துவிட்டால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், எறும்பு எங்கே ஏறுகிறது என்று பார்த்துப் பூச்சியைத் தேடுங்கள். வெள்ளையாயிருந்தால் லென்ஸை வைத்து ஒரு நிமிஷம் காத்திருங்கள், நடக்கிறதா என்று. மூன்றிலும் தெரியவில்லையென்றால் இலையை, ஆமாம், இலையையே, காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் புழுங்கி, வேறு பூஞ்சை முளைத்து, புதுக் கேஸ் ஆகிவிடும். போனில் மட்டும் வர்ணிக்காதீர்கள்.

கிளம்புகிற அன்று மச்சினன் சுருண்ட நுனிகளை வெட்டி ஒரு மூலையில் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தான். மாவுப்பூச்சிக்கு அதுதான் முதல் வைத்தியம், காசில்லாத வைத்தியமும்கூட. எதிரே மலை. கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் இருக்கின்றன என்பதற்காக, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர்களின் மலை. லென்ஸை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

போன வாரம் போன் பண்ணினான்.

"மாமா, வெள்ளையா வந்துகீது. அடிப்பக்கம். அரை மணி நேரம் பாத்துட்டேன், நடக்கல."

"அப்ப அது சாம்பல் நோய்டா."

"அதான் மாமா, நானும் இலையை எடுத்துக்கினு கடைக்குப் போறேன்" என்றான்.